செத்த நீரின் நகரம் – 6: திறவுகோல் உள்ளே இருந்தது

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். முகத்துவாரம் தூர்ந்துவிட்டது. கப்பல்கள் மார்செய் துறைமுகத்தைத் தேடிப் போய்விட்டன. வணிகர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பிரெஞ்சு அரசர்கள் ஏக்-மோர்த் நகரின் மதிலையும் கோபுரத்தையும் ஏன் கைவிடவில்லை?

பதிலுக்கு முன்னால், இந்த வாரம் சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி.

தெற்குப் பிரான்சில், ரோன் ஆறு கிளை பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகச் சமவெளியில், கடற்கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது ஏக்-மோர்த். பெயருக்கு ‘செத்த நீர்’ என்று பொருள். சுற்றிலும் ஓடாத தண்ணீர்: காயல், சதுப்பு, நாணல் காடு, உப்பளம். மத்தியதரைக் கடலில் தனக்கென்று ஒரு துறை வேண்டும் என்று விரும்பிய ஒன்பதாம் லூயி, சல்மோதி மடத்துத் துறவிகளிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்று ஊரை எழுப்பினார். 1248இலும் 1270இலும் அவருடைய சிலுவைப் போர்க் கப்பல்கள் இங்கிருந்தே புறப்பட்டன. இரண்டாம் முறை போனவர் துனிஸ் நகரருகே நோயில் இறந்தார். அவர் மகன் மூன்றாம் பிலிப் 1272இல் மதிலைத் தொடங்கினார். பிறகு வண்டல் வந்தது. கால்வாய்களும் முகத்துவாரமும் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறைந்தன. 1481இல் மார்செய் பிரெஞ்சு அரசின் கைக்கு வந்ததும் இந்தத் துறையின் தேவையே போய்விட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம்.

துறைமுகத்துக்கு எதெல்லாம் கேடாக அமைந்ததோ அதெல்லாம் ஒரு சிறைக்குத் தோதாக இருந்தது. ஊருக்குள் வர வடக்கே சதுப்பின் நடுவே போடப்பட்ட ஒரே ஒரு பாதை. அதன் குறுக்கே கார்போனியேர் என்ற காவல் கோபுரம். அதன் வயிற்றுக்குள் நுழைந்துதான் யாரும் ஊரை அடைய முடியும். மற்றத் திசைகளில் இறங்கினால் சேறு. கோடையில் கொசு, கொசுவோடு முறைக்காய்ச்சல். ஊரின் வடமேற்கு மூலையில், மதிலை விட்டுச் சற்றுத் தள்ளி, தன்னந்தனியாக ஒரு வட்டக் கோபுரம். குறுக்களவு 22 மீட்டர். சுவரின் கனம் 6 மீட்டர். பெயர் கோன்ஸ்தான்ஸ்.

லூயி அரசர் இதை நகரின் காவலுக்கும் கலங்கரை விளக்குக்குமாகக் கட்டினார். உச்சியில் விளக்கு மாடமும் இரும்புக் கூண்டும் இன்றும் இருக்கின்றன. விளக்கு அணைந்த பிறகு கோபுரத்துக்கு வேறு வேலை கிடைத்தது.

* * *

கோபுரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கூடங்கள். கீழ்க்கூடத்துக் கூரையின், அதாவது மேல்கூடத்துத் தரையின் நடுமையத்தில் ஒரு வட்டத் துளை. கிணற்றுக்குக் கட்டுவதுபோல் அதைச் சுற்றிக் கல்லால் ஒரு கைப்பிடிச் சுவர். கீழேயிருக்கும் காவலர்களுக்கும் மேலே இருப்பவர்களுக்கும் இடையில் பொருள் ஏற்றவும் இறக்கவும் அது பயன்பட்டது.

வெளிச்சம் வருவது அம்பு எய்யும் பிளவுகள் வழியாக மட்டும். 6 மீட்டர் கனமான சுவரில் ஒரு பிளவு இருந்தால் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் சோர்ந்துபோகும். காற்றுக்கு மட்டும் அந்தச் சிரமம் இல்லை. வடக்கிலிருந்து மிஸ்திரால் என்ற காற்று வீசும் குளிர்கால நாள்களில் அதே பிளவுகள் வழியாகக் குளிர் தடையில்லாமல் இறங்கும்.

அந்தத் துளையின் கல் விளிம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அங்கே வருவோம்.

* * *

1598இல் நான்காம் ஹென்றி வெளியிட்ட நாந்த் அரசாணை, பிரான்சின் புரொட்டஸ்டன்டு மக்களான ஹியூகனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. தங்கள் பாதுகாப்புக்கென்று சில அரண் நகரங்களையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. அவற்றில் ஒன்று ஏக்-மோர்த். ஆம், இதே ஊர்தான். ஒரு தலைமுறைக் காலம் இந்த மதில் அவர்களைக் காத்தது. 1622இல் அதன் ஆளுநர் ஊரைப் பதின்மூன்றாம் லூயியிடம் ஒப்படைத்தார்.

1685 அக்டோபரில் பதினான்காம் லூயி அந்த அரசாணையையே ரத்து செய்தார். தேவாலயங்களை இடிக்க வேண்டும். போதகர்கள் இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவும் கூடாது, பழைய நம்பிக்கையில் நீடிக்கவும் கூடாது. தடையை மீறிச் சுமார் 2 லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். ஜெனீவா, ஆம்ஸ்டர்டாம், லண்டன், பெர்லின் என்று சிதறினார்கள்.

போக முடியாதவர்கள் மலைக்குப் போனார்கள். செவென், விவரே மலைநாடுகளின் பள்ளத்தாக்குகளிலும் குகைகளிலும் இரவில் கூடி வழிபட்டார்கள். அந்தக் காலத்தை அவர்கள் ‘வனாந்தரம்’ என்று அழைத்தார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் அலைந்த அதே வனாந்தரம்.

சட்டத்தில் தண்டனை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. போதகர் பிடிபட்டால் தூக்கு. கூட்டத்தில் இருந்த ஆண்களுக்கு அரசரின் துடுப்புக் கப்பல்களில் ஆயுள் முழுவதும் துடுப்பு வலிக்கும் வேலை. பெண்களுக்கு ஆயுள் சிறை.

கோன்ஸ்தான்ஸ் கோபுரம் முதலில் ஆண்களைத்தான் அடைத்தது. 1702இல் செவென் மலையில் ஹியூகனாட்டுகளிடையே வெடித்த கமிசார் கலகத்தின் தலைவர்களில் ஒருவரான ஆப்ரகாம் மசேலும் இங்கே வந்து சேர்ந்தார். கம்பளி சிக்கெடுத்துச் சீவும் தொழிலாளி. மாதக்கணக்கில் ஒரு பிளவின் கல்லைச் சுரண்டித் தளர்த்தினார். 1705 ஜூலையில் ஓர் இரவு, போர்வைகளை முறுக்கிக் கட்டிய கயிற்றில் அவரும் மேலும் 16 பேரும் கீழே இறங்கிச் சதுப்பில் மறைந்தார்கள். மற்றவர்கள் இறங்குவதற்குள் காவலர்கள் விழித்துக்கொண்டார்கள்.

இந்தக் கோபுரத்திலிருந்து நடந்த புகழ்பெற்ற தப்பித்தல் அது ஒன்றுதான். அதன் பிறகு இது பெண்களின் சிறையாயிற்று.

* * *

விவரே மலைநாட்டில் பிரான்ல் என்ற கிராமத்தை ஒட்டி புஷே என்றொரு குக்கிராமம். அங்கே கல்லால் கட்டிய ஒரு வீடு. அடுப்பங்கரைக் கதவின் மேற்படிக் கல்லில் வீட்டுக்காரர் 1694ஆம் ஆண்டைச் செதுக்கி, ‘கடவுளுக்குப் புகழ்’ என்றும் எழுதிவைத்தார். அவர் பெயர் எத்தியேன் துரான். ஊர்ச் சபையின் எழுத்தர். எழுத்தும் கையுமாக வாழ்ந்தவர் என்பதால் பிள்ளைகள் இருவருக்கும் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார். மகன் பியேர் 1700இல் பிறந்தவன். மகள் மரீ 1711 ஜூலையில்.

ஒரு மலைக்கிராமத்துப் பெண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்திருந்தது பெரிய விஷயம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது.

1719இல் அந்த வீட்டில் ஒரு ரகசிய வழிபாடு நடந்தது. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். தாய் கிளோதீனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்பவே இல்லை. மரீக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. பியேர் தப்பி ஓடினான். சில ஆண்டுகளில் போதகனாகத் திரும்பி வந்து, மலை மலையாக நடந்து, திருமணம் செய்துவைத்தான், ஞானஸ்நானம் கொடுத்தான், செத்தவர்களைப் புதைத்தான். அவன் தலைக்கு அரசு விலை வைத்தது. மலைக்காரர்கள் யாரும் அந்த விலைக்கு ஆசைப்படவில்லை.

மகனைப் பிடிக்க முடியாத அதிகாரிகள் 1729இல் அப்பனைப் பிடித்தார்கள். ஆக்த் நகருக்கு எதிரே கடலில், எரிமலைப் பாறை ஒன்றின்மேல் நிற்கும் பிரெஸ்கூ கோட்டையில் கிழவரை அடைத்தார்கள். மகன் நாட்டை விட்டுப் போனால் விடுகிறோம் என்பது பேரம். பியேர் போகவில்லை.

வீட்டில் மரீ தனியாக நின்றாள். 1730இல் அவள் மத்தியே சேர் என்பவனைக் கைப்பிடித்தாள். அவளைவிட மிகவும் மூத்தவன். தனித்து விடப்பட்ட பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும் என்று நடந்த சம்பந்தம் என்றே எனக்குப் படுகிறது. அந்தத் துணை சில மாதங்கள்கூட நீடிக்கவில்லை. அந்தக் கோடையிலேயே சிப்பாய்கள் வந்து இருவரையும் கொண்டுபோனார்கள். அவனைப் பிரெஸ்கூ கோட்டைக்கு, மாமனார் இருந்த அதே இடத்துக்கு. அவளை ஏக்-மோர்த்துக்கு.

அவள் செய்த குற்றம் என்ன? கூட்டத்தில் பிடிபட்டவள் அல்ல. பிரசங்கம் செய்தவளும் அல்ல. பியேர் துரானின் தங்கை. அது போதுமானதாக இருந்தது.

அவளுக்கு வயது 19.

* * *

மேல்கூடத்துக்குப் போகும் சுழல் படிக்கட்டு குறுகலானது. ஏறி முடித்ததும் தடித்த கதவு. உள்ளே போனபோது அவளுக்கு முன்பே வந்தவர்கள் இருந்தார்கள். பியேரின் மாமியாரும் அவர்களில் ஒருத்தி. விதவைகள், வேலைக்காரப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள். சில காலங்களில் எண்ணிக்கை முப்பதை ஒட்டியும் போனது. வட்டச் சுவரை ஒட்டி வரிசையாக வைக்கோல் படுக்கைகள். அரசு தந்தது ரொட்டி. மற்றபடி துணி, விறகு, எண்ணெய், மருந்து எல்லாமே வெளியில் இருந்த சகவிசுவாசிகள் அனுப்பினால்தான் உண்டு. எப்போதாவது மொட்டை மாடியில் காற்று வாங்க அனுமதி கிடைக்கும். தெற்கே பார்த்தால் உப்பளமும் கடலும். வடக்கே, வானம் தெளிந்த நாளில், செவென் மலைகளின் நீலக் கோடு.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

அந்தக் கதவு பூட்டியிருந்தது. ஆனால் அதைத் திறக்கும் திறவுகோல் காவலனிடம் மட்டும் இருந்ததல்ல. உள்ளே இருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஒன்று இருந்தது. ‘பழைய நம்பிக்கையைக் கைவிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பூசையில் கலந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். பாதிரியார் வந்து கேட்பார். சம்மதித்தால் காகிதம் தயாராகும், கதவு திறக்கும்.

சிலர் சம்மதித்தார்கள். நோயில் விழுந்தவர்கள், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் நினைவு பொறுக்காதவர்கள். முறைக்காய்ச்சலில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பெண் ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டு வெளியே போனாள் என்றால், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மற்றவர்களின் நிலையைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். ஆயுள் தண்டனை பெற்ற கைதி ஒருமுறை மனதைத் தேற்றிக்கொண்டால் போதும். அவன் கையில் எதுவும் இல்லை. இவர்களுக்கு அப்படி இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இன்றும் சொல்ல மாட்டேன். நாளைக்கு? நாளைக்கும் இதே கேள்வி.

மரீ வந்து ஒன்றரை ஆண்டில், 1732 பிப்ரவரியில், ஞானஸ்நானம் கொடுக்கப் போகும் வழியில் பியேர் பிடிபட்டான். ஏப்ரல் 22ஆம் தேதி மோன்பெலியே நகரில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

யாரைப் பிடிப்பதற்காக அப்பாவையும் தங்கையையும் அடைத்தார்களோ அவன் செத்துப்போனான். வழக்கின் காரணமே தீர்ந்துவிட்டது. ஆனாலும் கிழவரை 1743 வரைக்கும் விடவில்லை. மத்தியேயை 1750 வரைக்கும் விடவில்லை. மரீயை விடவே இல்லை.

* * *

துளையின் கல் விளிம்புக்குத் திரும்புவோம்.

குளிர்ந்த வெளிர் சாம்பல் நிறக் கல். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கைகள் பட்டு வழுவழுத்த விளிம்பு. அதில், நிமிர்ந்து நின்றால் கண்ணில் படாத அளவுக்கு மெல்லியதாக, எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால் படிக்கலாம். ‘ரெசிஸ்தே’ என்ற பிரெஞ்சுச் சொல். அகராதி சொல்லும் எழுத்துக்கூட்டு அல்ல; மலைநாட்டு உச்சரிப்பைக் காதால் கேட்டு எழுதிய கை.

மரீ பின்னல் ஊசியால் கீறியது என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அவளாகவும் இருக்கலாம், அவளோடு இருந்த இன்னொருத்தியாகவும் இருக்கலாம். எனக்கு அந்தச் சொல்தான் முக்கியம்.

தமிழில் இதை ‘எதிர்த்து நில்’ என்று எழுதிவிடுவது வழக்கம். அது முழுக்கச் சரியாக வரவில்லை என்று தோன்றுகிறது. பிரெஞ்சில் அது ஏவல் அல்ல; யார் என்றும் எப்போது என்றும் சொல்லாத வெறும் வினைப்பெயர். எதிர்ப்பதற்கு அந்தக் கூடத்தில் என்ன இருந்தது? ஆயுதம் இல்லை, கூட்டம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. நம் பேச்சில் ‘தாக்குப்பிடித்தல்’ என்று ஒரு சொல் உண்டு. மழையைத் தாக்குப்பிடிக்கும் சுவர், பசியைத் தாக்குப்பிடிக்கும் உடம்பு. அந்தக் கல்லில் இருப்பது அந்தச் சொல்தான்.

* * *

மரீ கடிதம் எழுதினாள். கோபுரத்தின் எழுத்தர் அவள்தான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்காக எழுதினாள். நீம் நகரத்துப் போதகர் போல் ரபோவுக்கு எழுதினாள். ஜெனீவாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் எழுதினாள். இத்தனை பேர் இருக்கிறோம், இன்னார் கண் மங்கிப்போனாள், இன்னார் படுக்கையில் கிடக்கிறாள், அனுப்பிய துணி வந்து சேர்ந்தது, நன்றி. ஏறத்தாழ 50 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெருங்குரல் ஏதும் இல்லை. கணக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவியின் குரல்தான் கேட்கிறது: வந்தது இவ்வளவு, பங்கு வைத்தது இப்படி, இன்னும் வேண்டியது இது.

மனம் இளகுவது ஒரே ஒருத்தியிடம். பியேர் விட்டுப்போன மகள் அன், ஜெனீவாப் பக்கம் அடைக்கலமாக வளர்ந்தாள். அந்த அண்ணன் மகளுக்கு அத்தை புத்தி சொல்லி எழுதினாள், பரிசு அனுப்பினாள், பதில் வராதபோது கோபித்துக்கொண்டாள், பதில் வந்ததும் கோபத்தை மறந்தாள்.

அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில், மரீயைச் சிறையில் வைத்திருந்த அதே பதினைந்தாம் லூயியின் கொடியின்கீழ் இருந்த புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். 1748 செப்டம்பரில் டூப்ளேயின் ஆட்சியில் அங்கே வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் நொந்து பதிந்து வைத்திருக்கிறார். இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒரே அரசின் கை இரு கடற்கரைகளிலும் எப்படி விழுந்தது என்று எனக்கு விளங்கியது.

கோபுரத்தில் பிறந்த குழந்தைகளும் உண்டு. இசபோ மெனே 1735இல் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் பிடிபட்டபோது கர்ப்பிணி. கணவனைத் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் அங்கேயே செத்தான். மகனைக் கோபுரத்துக்குள் பெற்று வளர்த்தாள். வளர்ந்த பிறகு பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்தது. 1750இல் அவளை அவளுடைய தகப்பனிடம் ஒப்படைத்தார்கள்.

அவள் கடைசிவரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை.

* * *

கோபுரம் அப்படியே இருந்தது. வெளியே காலம் திரும்பிக்கொண்டிருந்தது.

1762 மார்ச் மாதம் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புரொட்டஸ்டன்டு துணி வணிகர், மதம் மாற இருந்த மகனைக் கொன்றார் என்ற பொய்க்குற்றச்சாட்டில் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். வால்தேர் அந்த வழக்கைக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டே சகிப்புத்தன்மை குறித்த அவருடைய நூல் வெளிவந்தது. 1765இல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. பாரிஸ் மாளிகைகளில், மதத்துக்காக ஒருவரைச் சிறையில் வைத்திருப்பது வெட்கக்கேடு என்று பேசத் தொடங்கினார்கள்.

1767 ஜனவரி. லாங்தோக் மாகாணத்தின் புதிய படைத்தலைவரான பொவோ இளவரசர் ஏக்-மோர்த்துக்கு வந்தார். கூடவே அவருடைய சகோதரி மகன் பூஃப்ளேர். கோபுரத்துக்குள் போக வேண்டும் என்றார் பொவோ.

சுழல் படிக்கட்டில் ஏறினார்கள். கதவு திறந்தது.

வெளிச்சத்திலிருந்து போனவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரிந்திருக்காது. நாற்றம் முதலில் வந்திருக்கும். பிறகு கண் பழகப் பழக, சுவரோரம் உருவங்கள். 14 பெண்கள். அவர்கள் எழுந்து வந்து அந்தப் பெரிய மனிதரின் காலில் விழுந்தார்கள். பேச முயன்றார்கள், அழுகைதான் வந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பூஃப்ளேர் இந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். பொவோ அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தி, எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில்களைக் கேட்டவர், அத்தனை பேரையும் விடுவிப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அரசரிடமிருந்து அவருக்குக் கிடைத்திருந்த அனுமதி மூன்று நான்கு பேருக்கு மட்டும். மீறினால் பதவி போகும் என்று அமைச்சர் சேன்-ஃப்ளோரான்தேன் எச்சரித்தார். பதவியை எடுத்துக்கொள்வது அரசரின் உரிமை, மனசாட்சிப்படி கடமையைச் செய்வதிலிருந்து யாரும் தன்னைத் தடுக்க முடியாது என்ற பொருளில் பொவோ பதில் எழுதினார்.

கதையாகச் சொல்பவர்கள் அன்றைக்கே எல்லோரும் வெயிலில் இறங்கி நடந்துவிட்டதாகச் சொல்வார்கள். காகிதங்கள் அவ்வளவு வேகமாக நகரவில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே வந்தார்கள். மரீயின் முறை வந்தது 1768 ஏப்ரல் 14ஆம் தேதி. கடைசிப் பெண்கள் அந்த ஆண்டு முடிவில்.

19 வயதில் ஏறிய படிக்கட்டில் 56 வயதில் இறங்கினாள். 38 ஆண்டுகளுக்குச் சில மாதங்கள் குறைவு.

* * *

புஷே வீடு பாழடைந்து கிடந்தது. கதவின் மேற்படிக் கல்லில் அப்பா செதுக்கிய 1694 மட்டும் அப்படியே இருந்தது. அம்மா இல்லை, அப்பா இல்லை, அண்ணன் இல்லை. மத்தியே 1750இல் விடுதலையானபோது நாட்டை விட்டே அனுப்பப்பட்டான். மாதக்கணக்கே நீடித்த அந்தத் தாம்பத்தியம் அதோடு முடிந்திருந்தது. அத்தனை கடிதங்களுக்கு உரியவளான அன், கத்தோலிக்கர் ஒருவரை மணந்துகொண்டு மதம் மாறிப்போனாள்.

கோபுரத்தில் உடனிருந்த மரீ வே என்ற தோழியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். துடுப்புக் கப்பலிலிருந்து விடுதலையாகி வந்த ஒரு கிழவருக்கும் இடம் கொடுத்தாள். ஆம்ஸ்டர்டாம் சபை அனுப்பிய உதவித்தொகையில் மூவரும் கஞ்சி குடித்தார்கள். 1776 ஜூலையில் அவள் இறந்தாள். புரொட்டஸ்டன்டுகளுக்குச் சட்டப்படி பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிவுசெய்யும் உரிமையைத் தந்த 1787ஆம் ஆண்டு அரசாணையை அவள் பார்க்கவில்லை. அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

* * *

இன்று ஏக்-மோர்த்துக்குப் போகிறவர்கள் 1,634 மீட்டர் நீள மதிலின்மேல் முழுச் சுற்று நடக்கலாம். உள்ளே கட்டம் போட்டதுபோல் நேர்த் தெருக்கள். நடுச் சதுக்கத்தில் சிற்பி பிரதியே வடித்த ஒன்பதாம் லூயியின் சிலை, 1849இல் நிறுத்தியது. ரொட்டிக்கடைகளில் ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும் ஃபுகாஸ் என்ற இனிப்பு ரொட்டி. எல்லாரும் கடைசியில் தெற்கு மதிலில் நின்றுவிடுகிறார்கள். அங்கிருந்துதான் உப்பளம் தெரியும்.

கோடை முற்றும்போது பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். உப்பு கூடக்கூடப் பெருகும் ஒரு நுண்பாசியின் நிறம் அது. அந்தப் பாசியைத் தின்னும் சிற்றிறாலைத் தின்றே பூநாரைகள் சிவக்கின்றன. பாத்திகளுக்கு அப்பால் வெள்ளை மலைத்தொடர்போல உப்பு அம்பாரம். தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சியும் அந்தக் கண்கூச்சமும் அந்நியமாக இருக்காது.

உப்பு வாருவது ஆகஸ்டில். எரிக்கிற வெயிலில், உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிக்கும் வேலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு ஆள்கள் வெளியிலிருந்து வந்தார்கள். ஒரு பக்கம் இத்தாலியின் பியமோந்தே பகுதியிலிருந்து. இன்னொரு பக்கம் அர்தேஷ் மலைகளிலிருந்து; அது பழைய விவரே, மரீ துரானின் சொந்த நாடு. இரண்டு கூட்டமும் ஒரே பாத்தியில், ஒரே கூலிக் கணக்கில், ஒரே குடிநீர்ப் பீப்பாய்க்கு முன்னால் நின்றன.

1893 ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்தப் பீப்பாயைச் சுற்றி ஒரு சச்சரவு. சாயங்காலத்துக்குள் ஊருக்குள் ஒரு புரளி: இத்தாலியர்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று. மறுநாள் கம்பும் மண்வெட்டியுமாகக் கூட்டம் உப்பளத்தை நோக்கிக் கிளம்பியது. அன்று மாலை அந்த மதிலருகே இத்தாலியத் தொழிலாளர்களின் பிணங்கள் கிடந்தன. அரசுக் கணக்கிலேயே 8.

பட்டப்பகலில், காவலர்கள் கண்ணெதிரே, நூற்றுக்கணக்கான சாட்சிகள் பார்த்திருக்க நடந்த கொலைகள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆங்குலேம் நகரில் வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை.

செத்தவர்கள் உப்பு வாரப் போன கூலிகள். அவர்கள் சாவுக்குக் காரணமான பொய்யை முதலில் ஊருக்குள் கொண்டுவந்தது யார்? எல்லாவற்றையும் கேட்டறிந்த நடுவர் குழு, எதை நினைத்து அத்தனை பேரையும் விடுவித்தது?

(அடுத்த வாரம்)